ஏ பிரிவு, பி பிரிவு

சென்ற ஜூன் மாதம் திருச்சியிலிருந்து மகன் போன் செய்தான். பேத்தி இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி திறந்த முதல் நாள்.

"அப்பா, இவள 'சி' செக்சன்ல போட்டிருக்காங்க. போன வருஷம் 'ஏ'ல இருந்தா. சரியாப் படிக்கலன்னு மாத்திட்டாங்களோ? நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவராச்சே, செக்சன் எதை வெச்சுப் பிரிப்பாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுப்பா. வருஷா வருஷம் கலைச்சுப் போடுவாங்க. போய்க் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு குழந்தை எந்த வகுப்பில், யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை நம் ஊர்ப் பக்கத்தில் யார் யார், எப்படி எப்படித் தீர்மானித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். முப்பத்தேழு வருடம் சாக்பீஸ் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கிடையாது. 1954 ஜூனில் அப்பா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். பெரிய வாத்தியார் என் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி காதில் பட்டது. "சேத்துக்கலாம்" என்றார். பிறந்த தேதி என்ற இடத்தில் அவரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அந்தத் தேதிதான் இன்று வரை என் பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது. நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் வருவது இந்தக் காது வைத்தியத்தால்தான்.

காது எட்டினால் ஒன்றாம் வகுப்பு. ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்பு என்று தனி அறை இருக்கவில்லை. ஒரே கீற்றுக் கொட்டகை, இரண்டு வாத்தியார்கள், ஐந்து வகுப்புகள். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இரண்டும் மூன்றும், அந்தப் பக்கம் நான்கும் ஐந்தும். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடக்கும்போது ஒன்றாம் வகுப்பிலிருந்த நானும் சேர்ந்து கத்துவேன். மூன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் பாதி வாய்ப்பாடு எனக்குத் தானாக வந்துவிட்டது. இதை ஒரு குறையாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

இதற்கும் நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற எண்ணே கிடையாது. பையன் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான் என்பதுதான் கணக்கு. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், ஓலையில் எழுதத் தொடங்கியவர்கள் ஒரு பக்கம், எண்சுவடி மனப்பாடம் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து வயதுக்காரனும் ஒன்பது வயதுக்காரனும் ஒரே மணலில் எழுதலாம். கெட்டிக்காரன் ஆறு மாதத்தில் ஓலைக்குப் போய்விடுவான். மெதுவாகக் கற்பவன் மெதுவாகப் போவான். பெயில் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அண்ணாவி மூத்தவர்களைக் கவனிப்பார்.

இந்தப் பள்ளிகளைப் பற்றி நமக்கு ஒரு நல்ல பதிவு இருக்கிறது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு எல்லாக் கலெக்டர்களிடமும் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன சாதி என்று கணக்குக் கேட்டார். 1826-இல் கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. பிற்காலத்தில் தரம்பால் அந்தக் கடிதங்களைத் தேடி எடுத்து 1983-இல் புத்தகமாகப் போட்டார்.

அந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-இல் எழுதியது. பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. புகழும் இல்லை, வசையும் இல்லை என்று அர்த்தம். மூன்றாவதாக வருபவனுக்குக் கையில் ஒரு லேசான அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூடிக்கொண்டே போகும். பிறகு அவரவர் கற்ற அளவைப் பார்த்துப் பல குழுக்களாக உட்கார வைப்பார்கள். கீழ்க் குழுக்களை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேம்ப்பெல் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இன்று பத்தாவதாக வந்து எட்டு அடி வாங்கியவன், நாளை விடியற்காலை எழுந்து ஓடினால் சரஸ்வதியை வாங்கிவிடலாம். உள்ளங்கையில் எழுதியது சாயந்தரம் குளத்தில் கை கழுவினால் போய்விடும். (அடியை நான் ஆதரிக்கவில்லை. நானே வாங்கியவன்.)

இந்தத் திண்ணை முறை கப்பலேறி இங்கிலாந்து போன கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். ஒருநாள் குதிரையில் போகும்போது நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் நடக்காத காரியம் என்றார்கள். பெல் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்பது அவன் பெயர். அவனால் முடிந்தது. ஊருக்குத் திரும்பியபின் 1797-இல் இதை ஒரு சிறு நூலாக லண்டனில் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்றே அதற்குப் பெயர் நின்றது. செலவு குறைவு என்பதால் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அது பரவியது. பெல்லின் சொத்திலிருந்து 1833-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் மானிட்டராகத் திரும்பி வந்தார் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பெல்லின் பள்ளியிலும் குழந்தை ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கவில்லை. நன்றாகப் படித்தவன் வரிசையில் மேலே நகர்வான். தன் வகுப்பில் முதலிடத்திலேயே நின்றால் அடுத்த வகுப்பின் கடைசி இடத்துக்குப் போவான். பின்தங்கினால் இறங்குவான். ஏணி போல ஏறவும் இறங்கவும் வழி இருந்தது.

பிறகு வந்ததுதான் இன்று நாம் காணும் ஏற்பாடு. ஒரு வயது, ஒரு வகுப்பு, ஒரு அறை, ஒரு ஆசிரியர். 1848-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் குவின்சி பள்ளி என்று ஒன்றைக் கட்டினார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனி அறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேஜை. உலகத்தில் பல இடங்களில் பள்ளிக் கட்டடம் என்றால் இப்படித்தான் என்று ஆனது. இங்கிலாந்தில் 1862 முதல், பிள்ளைகளை "ஸ்டாண்டர்டு" வாரியாக ஆய்வாளர் பரீட்சை வைத்துப் பார்த்து, தேறியவர்களின் எண்ணிக்கைப்படி பள்ளிக்குப் பணம் தந்தார்கள். சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கு இவ்வளவு என்று மானியம் தரும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்தது. தேறாத பிள்ளை வாத்தியாருக்கு நஷ்டக் கணக்கு ஆனான். எத்தனையாவது ஸ்டாண்டர்டு என்று இன்றும் நாம் கேட்கிறோமே, அந்தச் சொல் அந்தக் காலத்து மிச்சம்.

இதுவரை திண்ணையைக் கொஞ்சம் புகழ்ந்தே எழுதிவிட்டேன். ஆனால் அது யார் வீட்டுத் திண்ணை என்று கேட்க வேண்டும். மன்றோவின் கணக்கில் தமிழ் மாவட்டப் பள்ளிகளில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே அதிகம் என்பது உண்மை. ஆனால் மொத்தம் 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் நாலரை ஆயிரம் பேர் அளவுக்குத்தான். சேரிப் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் நடந்து வரவே முடியாதபோது திண்ணையில் ஏறுவது எங்கே? எழுத்தைப் பார்த்துப் பிரிப்பதற்கு முன்பே தெருவைப் பார்த்துப் பிரித்தாகிவிட்டது.

அந்தச் சுவர் இடியவும் வெகுகாலம் ஆனது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகள் பல ஊர்களில் அவர்களுக்குக் கதவு திறந்தன. 1920-களில் அரசின் தொழிலாளர் துறை அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பழைய வேர் அங்கே இருக்கிறது. மதுரைப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். பள்ளியே கிடைக்காத இடத்தில் பள்ளி கிடைத்தது. அது பெரிய விஷயம். ஆனாலும் தனித் தனிப் பள்ளி. ஒரே பள்ளியில் சேர்ந்த இடங்களிலும் தனி மூலை. அம்பேத்கர், சதாராவில் தான் படித்தபோது வீட்டிலிருந்து கோணிச் சாக்கு எடுத்துப்போய்த் தனியே உட்கார்ந்ததைத் தானே எழுதிவைத்திருக்கிறார். அந்த மாதிரிச் சாக்கு நம் மாவட்டங்களிலும் இருந்தது. பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம் இன்னொரு விதமான பிரிவினை நடந்தது. 1953-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் வந்தது. பிள்ளைகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காலையில் மூன்று மணி நேரம், இன்னொரு பாதிக்கு மதியம் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டடமும் வாத்தியாரும் போதாத நிலையில் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ஒரு கணக்கு. அப்பன் தொழிலைப் பிள்ளை தலையில் கட்டுவதா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. என் அண்ணன் அந்த ஒரு வருடம் காலை ஷிப்டில் படித்தார். மதியம் அப்பாவோடு வயலுக்குப் போனதாகவும், சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒன்றும் இல்லாததால் மாடு மேய்த்ததாகவும் சொல்வார். 1954 மே மாதம் காமராஜர் அதைக் கைவிட்டார். ஜூனில் நான் காதைத் தொட்டு முழுநாள் பள்ளிக்குப் போனேன். ஒரு மாத வித்தியாசம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1985-இல் நம் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். நல்ல ஸ்ட்ரென்த் இருந்த பள்ளி. நான் போன வருடமே மெயின் ரோட்டில் ஒரு ஆங்கில நர்சரிப் பள்ளி வந்தது. டை கட்டி, ஷூ போட்டு, வேனில் பிள்ளைகள் போவதைப் பார்த்துக் கடைவீதிக்காரர்கள் ஒவ்வொருவராக டி.சி. கேட்டு வந்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி என்று எடுத்துவிடுவார்கள். என்னிடம் வேலை பார்த்த இரண்டு டீச்சர்களும் சின்னக் குழந்தைகள் வைத்திருந்தவர்கள். தூரத்து ஊருக்கு மாற்றல் ஆகிவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான்.

1986 ஜூனில் நான்காம் வகுப்பில் எழுபத்தெட்டுப் பிள்ளைகள். இரண்டு பிரிவு. அதுவரை சேர்க்கை எண் வரிசையில் முதல் பாதி 'ஏ', மறு பாதி 'பி' என்று இருந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"சார், நல்லாப் படிக்கிற பிள்ளைங்கள ஒண்ணாப் போட்டுடுவோம். அந்த வகுப்புக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கூடச் சொல்லிக் கொடுப்போம். நாலு பேர் பார்த்தா டி.சி. வாங்க மாட்டாங்க."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பிள்ளைகளின் நன்மைக்கும் அதுவே சரி என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். கெட்டிக்காரர்கள் வேகமாகப் போகட்டும், மற்றவர்களுக்கு நிதானமாகச் சொல்லிக் கொடுக்கலாம். திண்ணைப் பள்ளியிலும் அப்படித்தானே என்றுகூட நினைத்தேன். மூன்றாம் வகுப்பு முழுஆண்டு மதிப்பெண் பட்டியலை எடுத்து முதல் முப்பத்தொன்பது பேரை 'ஏ', அடுத்த முப்பத்தொன்பது பேரை 'பி' என்று என் கையால் எழுதினேன். சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

சாதியையோ தெருவையோ நான் பார்க்கவில்லை. மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஆனால் ஜூலை மாதம் வருகைப் பதிவேடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உதவித்தொகைக் கணக்கு எடுக்கும்போது எனக்கே திக்கென்றது. 'ஏ'யில் கடைவீதி, மேலத்தெரு, உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள். 'பி'யில் காலனிப் பிள்ளைகளும், நடவு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். நாலைந்து பேர்தான் விதிவிலக்கு. வீட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தவர்களும் இல்லாதவர்களும் என்று நான் பிரித்திருக்கிறேன். பழைய மூங்கில் தட்டியை வேறு இடத்தில் நிறுத்திவிட்டேன்.

திக்கென்றதே தவிர மாற்றவில்லை. வருடம் தொடங்கிவிட்டது, நடுவில் கலைத்தால் குழப்பம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் 'பி' பிரிவு ஆசிரியர் விடுப்பு. நான் போய்க் கணக்கு நடத்தினேன். கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டு யார் செய்கிறீர்கள் என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. முன்வரிசையில் ஒரு பையன். போன வருடம் வாய்ப்பாட்டில் துறுதுறு என்று இருந்தவன். அவனை எழுப்பி ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"சார், அது 'ஏ'காரங்க கணக்கு" என்றான்.

அவன் வருத்தமாகவோ கோபமாகவோ சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். இரண்டு மாதத்தில் முப்பத்தொன்பது பிள்ளைகளும் அதை நம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவன் அம்மா வந்தார். களை எடுக்கப் போகும் வழியில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வராந்தாவுக்குக் கீழேயே நின்றார். மேலே வாம்மா என்றும் வரவில்லை.

"அய்யா, எம் புள்ளைய மக்குப் புள்ளைங்களோட போட்டுட்டீங்களாமே. அவன் வூட்டுல வந்து சொல்றான். நல்லாத்தானே படிச்சான்?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. ரெண்டும் ஒரே பாடந்தான், ஒரே புஸ்தகந்தான்" என்றேன்.

"ஒண்ணுதான்னா அப்ப எதுக்குங்கய்யா பிரிச்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலுக்காக நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். எத்தனையோ ஆய்வுகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இன்று வரை எழுதவில்லை.

அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் பட்டியல் போடும்போது எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் எழுதினேன். ஒற்றைப்படை எண் ஒரு அறை, இரட்டைப்படை எண் இன்னொரு அறை. மூத்த ஆசிரியர் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்று பேர் டி.சி. வாங்கிப் போனார்கள். பயந்த மாதிரி பணியிடம் ஒன்றும் போகவில்லை. ஓய்வு பெறும் வரை நான் இருந்த பள்ளிகளில் எல்லாம் அந்த முறைதான்.

இதனால் அந்தப் பையன் மேலே வந்து பெரிய ஆளானான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எட்டாவது வரை படித்தான், பிறகு திருப்பூர் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். தலையில் நரை. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராம். மகளை இன்ஜினியரிங் சேர்த்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னைத் தெரியலையா சார்? நான் 'பி' செக்சன் சார்" என்றார், சிரித்துக்கொண்டே.

எட்டு வருடம் எங்களிடம் படித்தவர். அதில் ஒரே ஒரு வருடம்தான் நான் மதிப்பெண்ணால் பிரித்தது. அந்த ஒரு வருடத்தைத்தான் தன் அடையாளமாகச் சொன்னார். டீ வாங்கித் தந்தேன். வேறு என்ன செய்ய? மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைப்பதற்குள் திருப்பூர் பஸ் வந்துவிட்டது.

எனக்குப் பிறகு பள்ளிகளில் எவ்வளவோ மாறிவிட்டது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கினார்கள். நான் ஓய்வு பெற்ற 2007-இல் அது மாநிலம் முழுவதும் வந்தது. ஒன்று முதல் நான்கு வரையிலான பிள்ளைகள் கலந்து தரையில் குழுக்களாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போல அவரவர் வேகத்தில் ஏறினார்கள். பார்த்ததும் எனக்குத் திண்ணை ஞாபகம்தான் வந்தது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்குப் பரீட்சை வைக்கக்கூடாது, படிக்காமல் விட்ட பிள்ளையையும் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது. அரும்பு மொட்டாக வழி இருக்கும் வரை அது திண்ணையின் மணலும் ஓலையும் போலத்தான். வருடம் முழுதும் ஒரு பிள்ளை அரும்பாகவே இருந்தால், பிள்ளைகள் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அதைக் கவனிக்க வேண்டியது ஆசிரியர்.

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்த பிறகு ஒரே கட்டடத்தில் தமிழ் வழி ஒரு அறை, ஆங்கில வழி ஒரு அறை என்று இருக்கிறது. எந்த அறையில் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வருகைப் பதிவேடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி இப்போது வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகளைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நடந்தது அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கையில் பல பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைச் சொல்ல ஒரு நீதிபதி வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது.

கற்பதற்காகக் குழந்தைகளைக் குழுவாக உட்கார வைப்பதில் தவறில்லை. கணக்குக்கு ஒரு குழு, வாசிப்புக்கு வேறு குழு, அடுத்த மாதம் கலைத்து வேறு குழு என்று இருக்கலாம். உள்ளங்கையில் எழுதுவதைக் கதவு நிலையில் எழுதிவிடுவதுதான் தவறு. பெரியவர்கள் நமக்கு அது ஒரு பட்டியல், ஒரு வசதி. குழந்தை அதைத் தன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொள்கிறது.

இரண்டு நாள் கழித்து மகன் மறுபடி போன் செய்தான். பள்ளியில் விசாரித்தானாம். வருடா வருடம் எல்லோரையும் கலைத்துத்தான் போடுகிறார்களாம். மதிப்பெண் பார்ப்பதில்லை என்று சொன்னார்களாம். அவனுக்கு நிம்மதி. பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"சி செக்சன் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு தாத்தா. ஜன்னல் பக்கம் எடம் கெடச்சிருக்கு" என்றாள்.

உங்களில் யாருக்காவது தட்டிக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ உட்கார்ந்த ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பையனின் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள்.